மேலே பார்த்தால் ஆமாம்

விழுங்குவதும் ஒரு வேலை என்பது எனக்குத் தெரியவே கல்யாணமாகிப் பல வருஷம் ஆனது. அதுவரை எல்லாரையும் போல வாயில் போட்டதை உள்ளே தள்ளிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடியவள்தான் நானும். இத்தனைக்கும் என் பிழைப்பே ஊட்டுவதுதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் கொண்டுவந்து விட்டுப் போகும் கைக்குழந்தைகளுக்குச் சாயங்காலம் வரை நான்தான் தாய். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை, ஊர்ப் பிள்ளைகள் மட்டும் மடி நிறைய இருந்தன.

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு முலை தேடவும் உறிஞ்சவும் விழுங்கவும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதே குழந்தை தலையை நிமிர்த்தி நிற்க வைக்க மாதக்கணக்கில் பாடுபடுகிறது. கையை நீட்டி ஒரு கிலுகிலுப்பையைப் பிடிக்க அதற்கும் மேல் ஆகிறது. ஒன்று தானாக வருவதும் இன்னொன்று பழகி வருவதும் ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒன்று அழ, இன்னொன்று ஈரம் பண்ணிக்கொண்டு கிடக்க, யோசிக்க எங்கே நேரம்.

என் புருஷன் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி வயசாகி உயர்ந்துவிட்டால் அதை இடுப்புக்குக் கீழே வெட்டி மொட்டையாக விடுவார்கள், மறுபடி தளிர்க்கும். அந்த வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். கட்டைவிரல் தடிமன் கிளையை ஒரே வீச்சில், பட்டை பிளக்காமல் வெட்டுவார். கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு ஓயாதது. தூக்கத்திலும் பேசுவார். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா என்கிற ஒற்றை அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் பத்துக் குடும்பமும் அவர் வாய்க்குப் பயந்துதான் இருந்தது. எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா நடக்கிற நடையை அவர் நடித்துக் காட்டினால் சிரிக்காதவர்கள் கிடையாது. எனக்குப் பல நாள் எரிச்சலாக இருக்கும். "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்களேன்" என்று கத்தியிருக்கிறேன். எந்தப் பெண்தான் கத்தவில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பனி கொட்டும் ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தவர், "என்னடி, வெளக்கு ரெண்டா தெரியுது" என்றார். விக்கல் வேறு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வெந்நீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையில் நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கிற இடம். சுவரில் உரசி உரசி நடந்து போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். குளிரில் கால் மரத்திருக்கும் என்று நினைத்தேன்.

பெரட்டில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாராம். கண்டாக்கு, "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்து நிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு குழறியது. அதையும் நடிப்பு என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்களாம். அடுத்த நிமிஷம் மரம் விழுவது போல விழுந்தார். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் நின்றவன் குனிந்து மோந்து பார்த்து, "ஐயா, சாராய வாடையே இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறான். சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொழுந்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக அவர் கண் திறந்தே இருந்தது. நான் கூப்பிட்டதற்கு விரல் கூட அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டு அதில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். நாள் போனது. கை இல்லை, கால் இல்லை, பேச்சு இல்லை. முகத்தில் ஒரு தசை ஆடவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. இது உயிரோடு இருக்கிற ஆளா, உயிர் மட்டும் இருக்கிற உடம்பா என்று எனக்குப் புரியவில்லை. அங்கே இருந்த பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். ஒருநாள் அவர் வெள்ளை அங்கியைப் பிடிக்காத குறையாக மறித்து, "ஐயா, இவருக்கு நெனப்பு இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் வலது கையை முஷ்டி பிடித்து எனக்கு முன்னால் நீட்டினார்.

"இஞ்சை பாருங்கோ பிள்ளை. இந்த முட்டிதான் மூளை எண்டு வையுங்கோ. யோசிக்கிறது, ஞாபகம் வைக்கிறது, கையைத் தூக்கு எண்டு கட்டளை குடுக்கிறது எல்லாம் இதுக்குள்ளைதான். இதுக்குக் கீழை மணிக்கட்டு மாதிரி ஒரு தண்டு இருக்கு. மேலை இருந்து வாற கட்டளை எல்லாம் இந்தத் தண்டுக்குள்ளாலைதான் கீழை போகவேணும். உங்கடை மனுசனுக்கு இரத்தம் அடைபட்டது இந்தத் தண்டிலை."

"அப்ப மேல?"

"மேலை ஒரு பழுதும் இல்லை. இப்ப நாங்கள் கதைக்கிறது கூட அவருக்கு விளங்குது."

நான் நம்பாமல் நின்றேன். அவர் என் புருஷன் பக்கம் திரும்பி, கொஞ்சம் உரக்க, "மேலை பாரும்" என்றார். அந்தக் கண்கள் மெல்ல மேலே போயின. "கீழை பாரும்." கீழே வந்தன. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னபோது அசையவில்லை. மேலும் கீழும் போகிற வழி மட்டும் தண்டில் தப்பியிருக்கிறது என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அது சந்தோஷமா துக்கமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அத்தனை நாளும் அந்த ஓயாத வாய்க்காரர் உள்ளே முழுசாக இருந்துகொண்டு, கட்டிலைச் சுற்றி நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அதே டாக்டர்தான் பிறகு விழுங்குவதைப் பற்றியும் சொன்னார். மூச்சு விடுவது, நெஞ்சு துடிப்பது, இருமுவது, விழுங்குவது எல்லாம் அந்தத் தண்டு மேலே இருக்கிறவரைக் கேட்காமல் தானாகப் பார்த்துக்கொள்கிற வேலைகளாம். அதனால்தான் தூங்கும்போதும் மூச்சு நிற்பதில்லை. இவருக்கு மூச்சுக்குரிய இடம் தப்பிவிட்டது. விழுங்குகிற இடம் பாதி போய்விட்டது. தொண்டையில் மூச்சுக் குழாயும் சோற்றுக் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சோறு வரும்போது மூச்சுக் குழாய் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். இவருக்கு அந்த மூடி தாமதமாக மூடுகிறது. தண்ணீர் வேகமாக ஓடும், மூடி மூடுவதற்குள் நெஞ்சுக்குள் போய்விடும். கெட்டியாக இருப்பது மெதுவாகப் போகும், அதற்குள் மூடி மூடிக்கொள்ளும். பிள்ளைக்காம்பராவில் எத்தனை குழந்தைக்குப் புரையேறி முதுகில் தட்டியிருக்கிறேன், அதன் கணக்கு இதுதான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

வாரங்கள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். நர்ஸ் எனக்கு ஊட்டப் பழக்கினாள். நேராக உட்கார வைக்க வேண்டும். தலையைக் குனித்து நாடியைக் கொஞ்சம் நெஞ்சோடு தாழ்த்த வேண்டும். குரக்கன் மாவை, கேழ்வரகுதான் அது, கூழாகக் கிண்டி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில், அரைக் கரண்டி மட்டும் நாக்கின் நடுவில் வைக்க வேண்டும். தொண்டை மணி ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. தண்ணீர் கூடாது, பால் கூடாது, தேத்தண்ணி கூடாது. படுக்க வைத்து எதுவும் கூடவே கூடாது. டாக்டர் கடைசியாக, "படுக்க வைச்சு ஒரு வாய் தண்ணி பருக்கினால் அதுவே போதும்" என்றார். எதற்குப் போதும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லயத்துக்குக் கூட்டிவந்த பிறகு என் நாள் அவர் தொண்டைக்குள் அகப்பட்டுக்கொண்டது. விடியுமுன் எழுந்து அவரைத் துடைத்துத் துணி மாற்றி, முதுகுக்கும் தலைக்கும் சாக்குத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, கூழ் ஊட்டி முடிப்பதற்குள் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புமேளம் அடித்துவிடும். பிள்ளைக்காம்பரா எங்கள் லயத்துக்கு மேலே கூப்பிடு தூரத்தில்தான். நடுப்பகலில் குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிட்டுக் கீழே ஓடிவருவேன். மறுபடி கூழ். சாயங்காலம் மறுபடி கூழ். இடையில் புரட்டிப் படுக்கப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். வயிறு போவதும் அதே தண்டு வழியாக வருகிற கட்டளைதானோ என்னவோ, மூன்று நாள் நான்கு நாள் கட்டிக்கொள்ளும், பிறகு ஒரேயடியாகப் போகும். மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் பிடித்து, அந்தக் குளிரில் அலசி, புகைந்த அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, காயாத துணியையே மறுநாள் விரித்தேன்.

எனக்குச் சலித்துப் போனது. அதை மறைத்துப் பேச இந்த வயதில் எனக்குத் தெம்பு இல்லை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தொண்டை ஏறுமா ஏறுமா என்று பார்த்திருக்கும்போது, எனக்குப் பசி இருப்பதே மறந்துவிடும். பாசம் என்று பேர் வைக்க எனக்கு அப்போது மனசில் எதுவும் மிச்சம் இருக்கவில்லை. அலுப்பு இருந்தது, அதற்கு மேல் ஒரு பிடிவாதம் இருந்தது.

பேச்சுக்கு ஒரு வழி வைத்திருந்தோம். மேலே பார்த்தால் ஆமாம். கீழே பார்த்தால் இல்லை. நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். குளிருதா, கால் இழுக்குதா, ஈ மொய்க்குதா? நான் தப்புத் தப்பாகக் கேட்டுக்கொண்டே போனால் கண்ணை மேலும் கீழுமாக வெடுக்கு வெடுக்கென்று ஆட்டுவார். அது எனக்கு விழுகிற வசவு. வாய் போனாலும் ஆளின் குணம் போகவில்லை என்று அப்போது கொஞ்சம் சிரிப்பு வரும். சில நாள் காரணமே இல்லாமல் அவருக்குச் சிரிப்பு பொங்கும், சத்தமில்லாமல் நெஞ்சு குலுங்கும். இழவு வீட்டுச் செய்தியை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் குலுங்கியிருக்கிறார். அது அவர் சிரிப்பது இல்லை, உடம்பு தானாகச் சிரிக்கிறது என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் நான் பயப்படவில்லை.

அதைவிட ஆச்சரியம் கொட்டாவி. கொட்டாவி வரும்போது மட்டும் அவருடைய இடது கை தானாக எழும்பி முகத்துக்கு நேரே வந்து நிற்கும், கொட்டாவி முடிந்ததும் பொத்தென்று விழும். முதன்முதலில் பார்த்த பக்கத்துக் காம்பரா அக்கா, "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று லயம் முழுக்கக் கூவிவிட்டாள். எல்லாரும் வந்து வாசலில் நின்று அவர் கொட்டாவி விடுவதற்காகக் காத்திருந்தார்கள். நானும் அவர்களோடு நின்றேன். அடுத்த முறை மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். நாம் நினைத்துத் தூக்குகிற கைக்கு ஒரு பாதை, கொட்டாவியோடு தானாக எழும்புகிற கைக்கு வேறு பாதை, முதல் பாதை அடைபட்டது அடைபட்டதுதான் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு சொட்டுக் கண்ணீர் கூட வரவில்லை எனக்கு. அவ்வளவு அசந்திருந்தேன்.

அந்தப் பக்கத்துக் காம்பரா அக்கா நல்லவள். நான் பிள்ளைக்காம்பராவில் இருக்கும் நேரம் எட்டிப் பார்த்துக்கொள்வாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், அவர் உதடு வெடித்துக் கிடப்பதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தர் வீட்டுக்கு வந்தாலும் போனாலும், பிறந்தாலும் செத்தாலும் முதலில் நீட்டுவது தேத்தண்ணிதான். அவளும் வெதுவெதுப்பாக நாலு கரண்டி ஊற்றியிருக்கிறாள். நான் வரும்போது அவர் முகம் நீலம் பாரித்து, நெஞ்சுக்குள் கொர்கொர் என்று சத்தம். இருமவும் தெரியாத நெஞ்சு அது. அன்று இரவே காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா வந்து பென்சிலின் ஊசி போட்டார், தினமும் வந்து போட்டார். அக்கா மூலையில் குந்தி அழுதுகொண்டே இருந்தாள். அவளைத் திட்ட எனக்கு நாக்கு வரவில்லை.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் ஆள் கரைந்துபோனார். கண் திறப்பதே குறைந்தது. லயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள், உயிர் இழுத்துக்கிட்டுக் கெடக்குது, வலப்பனைக்குச் சொல்லி விடுங்க என்று. என்னைக் கேட்காமலே யாரோ சொல்லியும் விட்டார்கள்.

வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில்தான் என் நாத்தனார் இருந்தாள், அவருக்கு மூத்தவள். தாய் செத்த பிறகு இவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புருஷனோடு வந்து இறங்கியதும் தம்பியின் கால்மாட்டில் விழுந்து கதறினாள். "அண்ணி, அவருக்கு எல்லாம் கேக்கும், எல்லாம் தெரியும். நீங்க பேசுங்க, அவரு கண்ணால பதில் சொல்லுவாரு" என்று நான் சொன்னேன். அவரும் தன் அக்காவைப் பார்த்ததும் கண்ணை மேலே உயர்த்தினார். அவ்வளவுதான், அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கண்ணு சொருகுதே! எந்தம்பிக்குக் கண்ணு சொருகிருச்சே!"

சாகப் போகிறவர்களுக்குக் கண் மேலே ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவர் வைத்திருந்த ஒரே ஒரு ஆமாம், பார்க்கிறவர்களுக்குச் சாவின் அடையாளமாக இருந்தது. நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னேன். "ஆமா ஆத்தா, ஆமா" என்பாள், பைத்தியத்துக்குப் பதில் சொல்வது மாதிரி. அவர் எனக்குப் பதில் சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடியது. நாலைந்து நாள் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். ஒப்பாரி ஓய்ந்த நேரத்தில் பேச்சு.

"சாமி இவன அன்னைக்கே எடுத்திருக்கலாம். இந்தப் புள்ள பீத்துணி அலசி அலசியே ஓஞ்சு போச்சு. கட்டுன பாவத்துக்குக் கெடந்து சாவுறா. இவன் போயிட்டா இவனுக்கும் நிம்மதி, இவளுக்கும் நிம்மதி. பொணமா ஆன பொறகும் மூச்ச மட்டும் விட்டுக்கிட்டு யாருக்காகடா கெடக்குற?"

அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்து இதைச் சொல்வாள். நான் பதறிப் போய், "அண்ணி, வெளியில வந்து பேசுங்க" என்று கையைப் பிடித்து இழுப்பேன். அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நடுப்பகலில் நான் கீழே இறங்கி வந்தபோது காம்பராவுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே போனால், முட்டுக்கொடுத்திருந்த தலையணைகள் எல்லாம் மூலையில் கிடந்தன. அவரைத் தரையில் பாயில், தெற்கே தலைவைத்து மல்லாக்கப் படுக்கப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தம்ளர் பால், அதில் கரண்டி. இன்னொரு பக்கம் ஒரு சிரட்டையில் செம்மண்.

உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஒரு ஆசை பிடித்து வைத்திருக்கிறது என்பது எங்கள் ஆட்களுடைய நம்பிக்கை. பெரும்பாலும் மண்ணாசை என்பார்கள். கொஞ்சம் மண்ணைக் கரைத்து வாயில் விட்டு, அதன் மேல் பால் ஊற்றினால் நிம்மதியாகப் போய்விடும். அண்ணியின் புருஷனும் பக்கத்துக் காம்பரா அக்காவும் எந்த மண் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க அப்பாரு பொறந்த மண்ணா இருக்கணும். அது திருச்சிப் பக்கம்" என்றார் அண்ணியின் புருஷன்.

"கப்பலேறிப் போயி எடுத்துட்டு வர்ற வரைக்கும் இவரு தாங்குவாரா? இந்த மலையிலதான வெட்டுனாரு. இந்த மண்ணுதான் அவருக்கு மண்ணு."

"இது தொரை மண்ணும்மா. அடுத்தவன் மண்ண ஊத்துனா எப்படி ஆச தீரும்?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இந்தியாவுக்கும் இல்லை, இலங்கைக்கும் இல்லை என்று பிரஜாவுரிமை போய், ஓட்டும் பிடுங்கப்பட்டு, நிற்கிற காம்பராவும் துரையுடையது என்று இருக்கிற ஒரு ஆளுக்கு மண்ணாசையாம். சிரட்டையை எடுத்து வாசலில் வீசினேன்.

"தொரைகிட்ட பெர்மிஷன் வாங்கிட்டுத்தான் மண்ணு அள்ளுனீங்களா?" என்று கத்தினேன். அவரை அள்ளித் தூக்கி, பின்னால் உட்கார்ந்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். நல்ல காலம், இன்னும் எதுவும் உள்ளே போகவில்லை. "படுக்க வச்சு ஒரு கரண்டி ஊத்துனா மூச்சுக் கொழாய்க்குள்ள போயிரும். நீங்க வழியனுப்ப ஊத்துறதே அவரக் கொன்னுரும் அண்ணி!"

அண்ணி பால் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் வளத்த புள்ள. எங்கையாலதான் அவனுக்கு மொதச் சோறு. கடைசிப் பாலும் நாந்தான் ஊத்துவேன். ஒனக்குத் தாலி பெருசா இருக்கு. எனக்கு எந்தம்பி படுற பாடு பெருசா இருக்கு. நீ வெலகு."

"அவரக் கேளுங்க."

"யாரக் கேக்கச் சொல்ற?"

"ஒங்க தம்பிய. ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சத கேளுங்க. எனக்குத் தெரியாதத கேளுங்க. மேல பாத்தா ஆமா, கீழ பாத்தா இல்ல. தப்பாச் சொன்னாருன்னா நான் எந்திரிச்சு வெளிய போறேன். நீங்க ஊத்துங்க."

அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேனோ. காய்ச்சலில் கரைந்துபோன ஆள், அந்த நேரத்தில் கண் திறக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும். அண்ணி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்கு நேரே குந்தினாள். எனக்காகச் செய்கிறாள் என்பது தெரிந்தது, நம்பிக் கேட்கவில்லை.

"தம்பி, நான் கல்யாணம் முடிஞ்சு வலப்பனைக்குப் போறப்ப நீ பஸ்ஸுக்குப் பின்னாலயே ஓடி வந்தியே. அழுதுக்கிட்டா வந்த?"

என் நெஞ்சில் சாய்ந்திருந்த அவருடைய கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழ பாக்குறாரு" என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா.

அண்ணியின் குரல் மாறியது. "கல்லெடுத்து எறிஞ்சுக்கிட்டு வந்தியா?"

"மேல."

"எதுக்குடா எறிஞ்ச?" என்று கேட்டவள், அதற்கு ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாது என்பதை உணர்ந்து தடுமாறி, "பஸ்ஸு மேலயா கோவம்?" என்றாள்.

"மேல பாக்குறாரு, மேல!" என்று கூவினாள் பக்கத்துக் காம்பரா அக்கா.

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்ளரில் இருந்த பால் தளும்பி அவள் கையில் வழிந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தம்பி, தம்பி என்றாள். அவள் புருஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே தம்ளரைக் காட்டிக் கேட்டாள். "பாலு வேணுமாடா ஒனக்கு?"

பக்கத்துக் காம்பரா அக்கா மெல்ல, "மேல" என்றாள்.

இவ்வளவு நாள் நான் அலசியதும் கிண்டியதும் ஓடியதும் எல்லாம், இவர் போக வேண்டும் என்று படுத்திருக்கும்போது இழுத்துப் பிடித்து வைத்த வேலையா? அவரைத் தலையணையில் சாய்த்துவிட்டு முன்னால் வந்து கண்ணுக்கு நேரே உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியாது.

"போயிரணும்னு கேக்குறீங்களா?"

கீழே.

"பின்ன? தாகமா?"

மேலே. மறுபடி மேலே. மறுபடியும். கண் இமை துடிக்கத் துடிக்க மேலே.

ஆஸ்பத்திரியில் குழாய் எடுத்த நாளில் இருந்து அவர் தொண்டையில் கூழைத் தவிர வேறு ஒன்றும் இறங்கவில்லை, அந்த நாலு கரண்டித் தேத்தண்ணியும் நெஞ்சுக்குத்தான் போனது. தேத்தண்ணி இல்லாமல் அரை மணி இருக்க மாட்டாத ஆள். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தது போதும் என்று நான் நினைத்திருந்தேன். குளிருதா வலிக்குதா என்று ஆயிரம் கேட்ட நான், இதைக் கேட்டதில்லை.

அண்ணி எழுந்து அடுப்பை ஊதினாள். குரக்கன் மாவு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை, தானே தேடி எடுத்தாள். அந்தப் பாலைச் சட்டியில் ஊற்றி, மாவைத் தூவி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத வரைக்கும் கிண்டினாள். சீனி போட்டாள். நான் அவரை நிமிர்த்தி நாடியைத் தாழ்த்திப் பிடித்தேன். அரைக் கரண்டி. தொண்டை ஏறவில்லை. ஏறவில்லை. பிறகு ஏறி இறங்கியது. எல்லாரும் சேர்ந்து மூச்சு விட்டோம். அண்ணி அடுத்த கரண்டியை எடுத்தாள். அவள் கை அவசரப்படவில்லை, பிள்ளை வளர்த்த கை அது. சட்டி காலியாக ரொம்ப நேரம் ஆனது. அவர் முகத்தில் எதுவும் அசையாது என்றாலும் அவர் குடித்து முடித்தார் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அவர் வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு அண்ணி சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு அவளுக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப் போனது. அவர் பக்கத்தில் இன்னும் நெருங்கி, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் கேட்டாள்.

"நான் வந்த நாள்ல இருந்து ஒந்தலமாட்டுல ஒக்காந்து என்னென்னமோ பேசுனேனே தம்பி. அதெல்லாம் ஒனக்குக் கேட்டுச்சா?"

அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணைக் கீழே இறக்கினார்.

"கேக்கலயாம்!" என்றாள் அண்ணி. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் போல மூச்சுவிட்டாள். "காச்ச மயக்கத்துல கெடந்திருக்கான். நல்ல வேள. கேக்கலயாம் ஆத்தா அவனுக்கு."

"ஆமா அண்ணி" என்றேன். அந்த நாட்களில் அவள் வாய் திறந்த போதெல்லாம் அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைத்துவிட்டவள் நான்தான்.